சீனி சொல்லும் வரலாறு

நடுவர் அவர்களே, போடிநாயக்கனூர்ப் பெருமக்களே! 'பிறமொழிச் சொற்கள் தமிழுக்கு உரமா, களையா?' உரமே என்று பேச வந்திருக்கிறேன்.

வேற்றுச் சொல் உள்ளே வந்தால் நம் அடையாளம் போய்விடும் என்று எதிரணித் தலைவர் வருத்தப்பட்டார். ஐயா, இந்த ஊர் டீக்கடையிலே போய் நில்லுங்க. "அண்ணே, ஏலக்காய் தட்டிப் போட்டு, சீனி கம்மியா ஒரு டீ!" ஏலக்காய் இதோ இந்த மலைச் சரிவிலே விளைந்தது. டீ சீனச் சொல். சீனி? பேரிலேயே சீனா உட்கார்ந்திருக்கு! சீனத்துச் சர்க்கரை என்பதால் சீனி. (சீனிவாசனில் உள்ள சீனி வேறு, அது திருமகள்! நாளைக்கு யாரும் சண்டைக்கு வந்துடாதீங்க.) அதையே சென்னைப் பக்கம் அஸ்கா என்பார்கள். அஸ்கா ஒடிசாவில் சர்க்கரை ஆலை இருந்த ஊர். 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. ஒரு ஸ்பூன் சர்க்கரையிலே எத்தனை வணிகப் பாதை பாருங்கள்!

சரி, சீனாவுக்கு அந்த வித்தை எங்கிருந்து போனது? இங்கிருந்துதான்! கி.பி. 647-இல் தாங் வம்சப் பேரரசர் தைசோங், கரும்புச் சாறு காய்ச்சும் முறையை அறிந்துவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாறு எழுதி வைத்திருக்கிறது. நாம் வித்தையைக் கொடுத்தோம், பெயரை வாங்கினோம்.

சீனர்கள் என்ன செய்தார்கள்? இனிப்புக்கு அவர்களிடம் ஓர் எழுத்து உண்டு. உச்சரிப்பு 'தாங்'. அதன் இடப்பக்கம் அரிசியைக் குறிக்கும். வலப்பக்கம் ஒலியைக் காட்டும். ஏன் அரிசி? கரும்புச் சர்க்கரைக்கு முன்னே அவர்கள் முளைகட்டிய தானியத்தில் இனிப்பெடுத்தார்கள். கரும்பு வந்ததும் எழுத்தைத் தூக்கி எறியவில்லை. அரிசி எழுத்துக்குள்ளேயே கரும்பைக் குடிவைத்தார்கள்! அந்த எழுத்து ஜப்பானுக்குப் போய், மணல் என்ற எழுத்தோடு சேர்ந்து 'சாத்தோ' ஆனது. சர்க்கரை என்று பொருள். கொரியாவிலே அதே மணல் சேர்ந்த 'சாத்தாங்' மிட்டாய். பனி சேர்ந்த 'சொல்தாங்' சர்க்கரை. வியட்நாமிலே 'டுவொங்'. எழுத்தின் வேர் ஒன்று; நாக்கு நான்கு. எந்த மொழியாவது செத்துப் போச்சா? இன்னொரு வியப்பு: ஜப்பானியர் மணல் என்றார்கள், வடமொழியில் சர்க்கரா என்றாலும் முதற்பொருள் சரளைக்கல்தான்!

கொடுத்த கணக்கையும் சொல்லணுமே. துண்டு என்று பொருள்படும் வடசொல் கண்டம். அது பாரசீகம், அரபு வழியே ஐரோப்பா போய், ஆங்கிலேயன் வாயில் 'கேண்டி' ஆனது. நம் கற்கண்டும் அந்தக் குடும்பம்தான். அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததை ஔவையார் புறநானூற்றிலே புகழ்கிறார். கரும்பே ஒரு காலத்தில் வந்த விருந்தாளி! அதைக் கொண்டுவந்தது குற்றம் என்றா பாடினார்? பெருமை என்று பாடினார்.

எதிரணி கேட்கும்: "உரம் என்றால் எதை வளர்த்தது?" சீனிக்கிழங்கு, சீனி அவரைக்காய், சீனிச்சேவு! வந்த மருமகள் நம் வீட்டிலே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இன்னும் அவளை அந்நியள் என்றால் அடுக்குமா?

வந்த சொல்லைத் தன் இலக்கணத்துக்கு வசப்படுத்தும் வலு உள்ளவரை மொழிக்கு அச்சமில்லை. அந்த வலு தமிழுக்கு உண்டு. ஆகவே நடுவர் அவர்களே, பிறமொழிச் சொற்கள் தமிழுக்கு உரமே என்று தீர்ப்பளியுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.