கொசு பறந்த படமும் கட்டம் கட்டமாக உடையும் படமும்



போன மழையில் நம் குடியிருப்பில் பல வீடுகளில் டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் வீட்டில் செட்டாப் பாக்ஸை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். சரியாகவில்லை. டிவியையே மாற்றிவிடலாம் என்று கடையில் விலையும் விசாரித்துவிட்டு வந்தார். "இரண்டு நாள் பொறுங்கள் ஐயா" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் தந்தது என் சொந்த ஊர்தான்.

என் ஊர் தேவாரம். பெயரைச் சொன்னால் பலர் பதிகத்தைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது போடிக்குத் தெற்கே, ஏலக்காய் மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். மேற்கே நிமிர்ந்தால் மலைதான். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது எங்களுக்கு வெறும் பேப்பர் செய்தி. 1982-ல் இலங்கையின் ரூபவாஹினி வந்ததும் தென் மாவட்டக் கடலோர ஊர்களில் உயரமான கம்பம் நட்டு அதைப் பிடித்துப் பார்த்தார்கள். எங்களுக்கும் அந்தக் கடலுக்கும் நடுவே வருசநாட்டு மலை நின்றது. எண்பதுகளின் பிற்பாதியில் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்த பிறகுதான் மொட்டை மாடிகளில் ஆன்டெனா முளைத்தது.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரம் நெருங்கினால் தெருவே மாடியில் இருக்கும். "இப்பத் தெரியுதா?" என்று மேலேயிருந்து ஒரு குரல். "புள்ளியா இருக்குண்ணே, இன்னுங் கொஞ்சம் கெழக்க திருப்புங்க" என்று கீழேயிருந்து ஒரு குரல். நீங்களும் எங்கேயோ ஒரு மாடியில் கத்தியிருப்பீர்கள்.

கொசு பறப்பதுபோல் புள்ளி அடித்தால் சிக்னல் போதவில்லை என்று பொருள். ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான ஆள் நின்றால் அது மலையின் வேலை. கொடைக்கானல் எங்களுக்கு வடகிழக்கே. அங்கிருந்து வரும் அலை நேராக ஒருமுறை ஆன்டெனாவைத் தொடும். பின்னால் இருக்கும் மலையில் மோதித் திரும்பி இன்னொருமுறை தொடும். மலை ஒன்றரை கிலோமீட்டர் பின்னால் இருந்தால் அந்த அலை மூன்று கிலோமீட்டர் கூடுதலாக நடக்கிறது. அதாவது ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு தாமதம். 14 அங்குல டிவியில் அது ஐந்தரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் நிழல் உருவம். ஸ்கேலை வைத்து அளந்தால் மலை எவ்வளவு தூரம் என்றே சொல்லிவிடலாம்!

கேபிள் டிவி பிறந்ததே இந்த மாதிரி ஊர்களின் தொல்லையால்தான். அமெரிக்காவின் ஆஸ்டோரியாவில் 1948-ல் எட் பார்சன்ஸ் என்பவர், மனைவி டிவி பார்க்க ஆசைப்பட்டதால், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த சியாட்டில் ஒளிபரப்பை ஓர் ஓட்டலின் மாடியில் ஆன்டெனா வைத்துப் பிடித்தார். அங்கிருந்து தன் வீட்டுக்கும், பிறகு அக்கம்பக்கத்துக்கும் வயர் இழுத்தார். நல்ல இடத்தில் ஒரே ஆன்டெனா, அங்கிருந்து எல்லோருக்கும் வயர். நம் கேபிள்காரர் இன்றும் செய்வது அதையேதான்.

எங்கள் பக்கம் கேபிள் வந்தது தொண்ணூறுகளில். 1991-ல் ஸ்டார் டிவி, 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி. டிஷ் கிழக்கு வானத்தை நோக்கி அண்ணாந்திருந்தது; மலையோ மேற்கே. நிழல் உருவம் ஒரே நாளில் போய்விட்டது.

ஆனால் கோளாறு மலையை விட்டு வயருக்குள் புகுந்தது. வயரில் போகப் போக சிக்னல் தேயும் என்பதால் தெருக் கம்பங்களில் ஆம்ப்ளிஃபயர் வைத்தார்கள். அது படத்தோடு புள்ளியையும் சேர்த்துப் பெரிதாக்கும். கடைசித் தெரு வீடுகளுக்கு எப்போதும் கொசுதான். அந்தக் கம்பத்துக்குக் கரண்ட் போனால், உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் படம் வராது. அகலமான பட்டை ஒன்று மெதுவாகத் திரையில் ஏறினால் மின்சாரம் எங்கோ கேபிளில் கலக்கிறது என்று அர்த்தம். 2006-ல் அரசு இலவச கலர் டிவி தரத் தொடங்கியதும் பல வீடுகளில் டிவி இரண்டானது, ஸ்ப்ளிட்டரும் வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோதும் வயர்கள் பெரும்பாலும் பழைய வயர்களே.

2017-ல் அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து செட்டாப் பாக்ஸ் வந்தது. புள்ளி போயிற்று, பட்டை போயிற்று. கூடவே போனது கோளாறைக் கண்ணால் படிக்கும் வசதி. டிஜிட்டலில் சிக்னல் தேய்ந்தாலும் பாக்ஸ் பிழைகளைத் திருத்திக்கொண்டு பளிச்சென்றே காட்டும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் படம் உடையும், நிற்கும், கறுக்கும். முன்பு வருடக்கணக்கில் புள்ளியாக எச்சரித்தது, இப்போது ஒரே ராத்திரியில் நடந்தது போலத் தெரிகிறது. அதனால்தான் பாக்ஸ் மேலேயும் டிவி மேலேயும் பழி விழுகிறது. என் கணக்கில் இது நமக்குப் பெரிய நஷ்டம்.

படிக்க இன்னும் சில வழிகள் இருக்கின்றன. ஒரே அலைவரிசையில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் கட்டாக வருகின்றன. ஒரு கட்டு மட்டும் உடைந்து மற்றவை தெளிவாக இருந்தால் டிவியில் குறையில்லை. நனைந்த வயர் உயர்ந்த அலைவரிசைகளைத்தான் முதலில் விழுங்கும். மழை நின்ற பிறகும் உடைந்தால் தண்ணீர் வயருக்குள் இறங்கிவிட்டது. (நேரடி டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இது வேறு கதை: வானத்து மழையே சிக்னலை மறைக்கும், மழை விட்டதும் திரும்பிவிடும்.) உங்களுக்கு மேலும் கீழும் உள்ள வீடுகளிலும் அதே தொல்லையா என்று கேளுங்கள். ஆம் என்றால் மாடிப் பெட்டி. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உங்கள் வயர், கனெக்டர், ஸ்ப்ளிட்டர். இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே தரும். பழைய வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன ஸ்ப்ளிட்டர் சோபாவுக்குப் பின்னால் இன்னும் இருக்கலாம். அதைக் கழற்றி வயரை நேராகப் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பாக்ஸின் மெனுவில் சிக்னல் அளவு காட்டும் பக்கம் உண்டு. செருகுவதற்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கேபிள்காரரிடம் காட்டுங்கள்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். கேபிள்காரரோடு நானும் மாடிக்குப் போனேன். அவர் வீட்டுக்கு இறங்கும் வயரின் கனெக்டர் வெயிலும் மழையும் படும்படி திறந்து கிடந்தது. கழற்றினால் நடுக்கம்பியில் பச்சைக் களிம்பு. அந்த முனையை ஒரு சாண் வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, டேப் சுற்றினார். கீழே பால்கனியிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்: "தெரியுது, தெரியுது!"