செய்முறைப் பதிவேடும் கட்டளைவரிச் சிமுலேட்டரும்: நெல்லைப் பொறியியல் கல்வி வரலாற்றுக்கு ஒரு சான்று

முன்னுரை

திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 1981இல் தொடங்கப்பெற்றது. தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் பல்லாண்டுகள் எந்திரமொழி பயிற்றுவிக்கும் கருவியாக இருந்தது இன்டெல் 8085 நுண்செயலி. தாமிரபரணிக் கரைக் கல்லூரிகளும் இதற்கு விலக்கல்ல. மாணவர் எழுதிய செய்முறைப் பதிவேடுகள் படிப்பு முடிந்ததும் பழைய தாளாகக் கழிகின்றன. அவை கல்வி வரலாற்றுக்குரிய சான்றுகள் என்பதும், அவற்றைச் சோதிக்கும் வழி சிமுலேட்டர் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

பொறி இன்றியும் நிரல்

ஒரு பொறியைப் போலவே மற்றொரு பொறியை இயங்கச் செய்யும் மென்பொருளே சிமுலேட்டர். 1975இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கணினி கைவசம் இல்லாமலே, ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில் 8080 நுண்செயலியைப் போலச் செய்வித்து, அதற்குரிய பேசிக் மொழியை உருவாக்கினர். லினக்ஸில் தக்க 8085 சிமுலேட்டர் இல்லாமை கண்டு 2003இல் ஸ்ரீதர் ரத்னகுமார் குனுசிம்8085 மென்பொருளை எழுதினார். பழங்கணினிகளைக் காக்கும் நோக்குடன் பாப் சுப்னிக் 1993இல் தொடங்கிய சிம்எச், கட்டளைவரியில் இயங்குவது. அதன் ஆல்டேர் பிரிவு 8080 ஆணைகளை நிறைவேற்றும். 8085 அவற்றோடு ரிம், சிம் என்னும் ஈராணைகளை மட்டுமே கூடுதலாகக் கொண்டது. ஆதலின் தொடக்கநிலைப் பயிற்சிகள் அங்கு இயங்கும்.

ஒரு பயிற்சி

5, 3 ஆகியவற்றைக் கூட்டி 4200 முகவரியில் இடும் நிரல் 9 பைட்டுகள் கொண்டது: 3ஈ 05, 06 03, 80, 32 00 42, 76. இவற்றை 4100 முதல் 4108 வரை 'டெபாசிட்' கட்டளையால் இட்டு, 'ரன்' கட்டளையால் இயக்கி, 4200ஐ 'எக்ஸாமின்' கட்டளையால் நோக்கினால் 08 தோன்றும். முகவரியின் தாழ்பைட்டு முன்வருவது இன்டெல் மரபு. பதிவேட்டில் அது '32 42 00' எனப் புரண்டிருப்பின், விடை 0042இல் சென்று விழும். அவ்வாறிருந்தும் '4200இல் 08' என முடிவு எழுதப்பட்டிருப்பின், அது அந்நிரலை இயக்கிக் கண்ட விடையன்று. குறியீட்டைப் படியெடுத்தபோது பிழை நேர்ந்திருக்கலாம். அன்றி, முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டிலிருந்து விடை மட்டும் வந்திருக்கலாம்.

வரம்பு

பயிற்சிக் கருவிகளில் 0042 பொதுவாக அழியா நினைவகத்திற்குரியது. அங்கு எதுவும் எழுத இயலாது. சிமுலேட்டரோ எழுதிவிடும். எனவே நுண்செயலியின் நடத்தைக்குச் சிமுலேட்டர் சான்று. ஆய்வுக்கூடத்தின் நடத்தைக்கு அன்று.

முடிவுரை

கல்வெட்டைப் படிக்கலாம், நிரலைப் படிப்பதோடு மீண்டும் இயக்கியும் பார்க்கலாம். பாடத்திட்டம் எதைக் கற்பிக்க எண்ணியது என்பதைக் காட்டும். பதிவேடு மாணவர் எதைச் செய்தனர் என்பதைக் காட்டும். ஆதலின் கல்லூரி நூலகங்கள் பதிவேடுகளில் சிலவற்றையேனும் பேணுதல் வேண்டும்.