ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஏழு படுக்கைகள்

1835ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் ஆல்டர்ஸ்கேட் வீதியில், 11ஆம் எண்ணுள்ள ஒரு சிறிய கட்டிடத்தில், பிரெடரிக் ஸால்மன் என்னும் சஸ்திர வைத்தியர் ஏழே படுக்கைகளுடன் ஒரு வைத்தியசாலையைத் திறந்தார். பௌத்திரத்தாலும் மலக்குடலைச் சேர்ந்த மற்ற வியாதிகளாலும் வருந்தும் ஏழைகளின் நிவாரணத்துக்கான விடுதி என்பது அதற்கு அவர் இட்ட நீண்ட பெயர். ஊரார் அதைப் பௌத்திர ஆஸ்பத்திரி என்று சுருக்கிக்கொண்டார்கள். கண் நோய்க்கென்று அந்நகரில் முப்பது வருஷங்களுக்கு முன்பே தனி வைத்தியசாலை ஏற்பட்டிருந்தது. பார்வையிழந்தவனிடம் இரக்கம் கொள்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை. ஆனால் ஆசனவாயில் உண்டாகும் ரணத்தை மனைவியிடம்கூடச் சொல்லத் தயங்கி, மூட்டை சுமக்கும் வேலையையும் வண்டியோட்டும் வேலையையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவந்த ஏழைத் தொழிலாளிக்கு, வெட்கப்படாமல் நுழையக்கூடிய ஒரு வாசல் தேவை என்று நினைத்தவர் ஸால்மன்.

அந்த வாசலுக்கு வந்தவர்களுள் எல்லாரும் பௌத்திரக்காரர்கள் அல்லர். மூலம் உள்ளவர்கள் இருந்தார்கள். பார்வைக்கு மிகச் சிறியதாயும் வேதனையில் மற்ற இரண்டையும் மிஞ்சியதாயும் உள்ள ஆசனவாய் வெடிப்பால் துடித்தவர்களும் இருந்தார்கள். கடினமான மலம் கழியும்போது துவாரத்தின் மெல்லிய உட்தோல், பெரும்பாலும் பின்பக்கத்து நடுக்கோட்டில், கிழிந்துபோவதுதான் இந்த வியாதி. நீளம் ஒரு விரற்கடையைத் தாண்டாத அந்தக் கீறல், மலங்கழித்த பிறகு சில வேளை மணிக்கணக்காக எரிந்துகொண்டே இருக்கும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மனிதன் மறுநாள் மலத்தை அடக்குகிறான்; அடக்கியது இறுகுகிறது; இறுகியது, ஆறத் தொடங்கிய இடத்தையே மீண்டும் கிழிக்கிறது. ஆறுவதும் கிழிவதுமாக மாதங்கள் கழிந்தபின், புண்ணின் ஓரங்கள் தடித்து, அடியில் தசையிழைகள் வெளிப்பட்டு, வெளி முனையில் ஒரு சிறு தோல்மடிப்பும் வளர்ந்துவிடுகிறது. அந்தத் தோல்மடிப்பைத் தொட்டுப் பார்த்து மூலம் என்று தாமே தீர்மானித்துவிடுகிறவர்கள் நம் ஊர்களில் இன்றும் அநேகர்.

இந்தச் சிறு புண் ஏன் ஆறுவதில்லை என்ற கேள்விக்கு முதலில் தெளிவான விடை சொன்ன நாடு பிரான்ஸ். நெப்போலியனின் சஸ்திர வைத்தியராக இருந்த அலெக்ஸி புவாயே, 1818ஆம் ஆண்டில், குற்றம் தோலில் இல்லை, துவாரத்தைச் சுற்றியிருக்கும் சுருக்குத் தசையின் ஓயாத இறுக்கத்தில் இருக்கிறது என்று கண்டு, அந்தத் தசையைக் கத்தியால் அறுத்துவிட்டார். சுருக்குப்பையின் வாயை இறுக்கியிருக்கும் கயிற்றைத் தளர்த்தாமல் பையின் வாயோரத்துக் கிழிசலைத் தைத்து என்ன பயன்? ரேகாமியே என்னும் பாரிஸ் வைத்தியரும் 1829இல் அதே இறுக்கத்தைத்தான் குறிவைத்தார். ஆனால் கத்தியை நாடாமல், விரல்களாலேயே தசையை விரித்துப் பிசைந்து தளர்த்தப் பார்த்தார். அவர்களுக்குப் பின்வந்த ட்ரூஸோ, தம் ஆசிரியர் பிரெத்தொன்னோவின் வழியைப் பின்பற்றி, பெரு தேசத்தில் விளையும் ரட்டானியா என்னும் துவர்ப்பு வேரின் சாரத்தை எனிமாவாகச் செலுத்தி இந்த வெடிப்பைக் குணப்படுத்த முயன்றார். அறுத்தல், விரித்தல், மருந்து என்ற மூன்று மார்க்கங்களும் ஐம்பது வருஷங்களுக்குள் தோன்றிவிட்டன. பின்னால் வந்த சரித்திரமெல்லாம் இம்மூன்றுக்கும் இடையே நடந்த நீண்ட விவகாரமே என்று சொல்லலாம்.

ஸால்மன் காலத்து அறுவை எத்தகையது என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். ஈதர் மயக்கம் 1846ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன், 1841இல், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு ஸால்மன் பௌத்திர அறுவை செய்தபோது, அந்த மகா எழுத்தாளர் விழித்திருந்தபடியே கத்தியைத் தாங்கவேண்டியிருந்தது. பிரசித்தி பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஏழை எவ்வளவு துன்பத்துக்குப் பிறகு அந்த மேஜைமேல் ஏறச் சம்மதித்திருப்பான் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இடம் போதாமற்போகவே, 1854ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி, ஸிட்டி ரோட்டில் பெரிய கட்டிடம் ஒன்று திறக்கப்பட்டது. அன்று புனித மார்க் திருநாளாக இருந்தபடியால் ஆஸ்பத்திரி அந்தப் புனிதர் பெயரையே பூண்டுகொண்டது. வியாதியின் பெயரை வாசற்பலகையிலிருந்து எடுத்துவிட்டது, உள்ளே வருகிறவர்களுக்குச் செய்த பெரும் உபகாரம் என்றே நான் கருதுகிறேன்.

எந்தத் தசை இறுகுகிறது என்ற நுட்பமான விஷயம் தெளிவுபட, புவாயேக்குப் பின் ஏறக்குறைய 130 வருஷங்கள் பிடித்தன. துவாரத்தைச் சுற்றி இரண்டு வளையங்கள் இருக்கின்றன: வெளிவளையம் நம் இச்சைக்கு அடங்கியது, உள்வளையம் அடங்காதது, இருதயத்தைப் போலத் தானே தொழிற்படுவது. 1951ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஐஸன்ஹாமர் என்னும் சஸ்திர வைத்தியர், இறுகுவது உள்வளையமே என்று எடுத்துக்காட்டினார். இதை வெறும் உடற்கூற்று விவரமாக நான் எண்ணவில்லை. மனத்தைத் தளர்த்திக்கொள், பயப்படாதே, முக்காதே என்றெல்லாம் தலைமுறை தலைமுறையாக உபதேசம் கேட்டும், திரும்பத் திரும்ப வியாதி வந்தபோது தன் அஜாக்கிரதையையே நொந்துகொண்ட நோயாளி, தன் சித்தத்தின் ஆட்சிக்கு உட்படாத ஒரு தசையின் பொருட்டுப் பழி சுமந்திருக்கிறான் என்பது அன்று நிரூபணமாயிற்று.

உள்வளையத்தை முதலில் பின்பக்கமாகவே அறுத்தார்கள். அறுத்த இடம் சாவித் துவாரம் போலப் பள்ளமாகி நின்று, துணியில் கசிவு உண்டாக்கிற்று. 1960களின் பிற்பகுதியில், புனித மார்க் ஆஸ்பத்திரியின் ஆலன் பார்க்ஸும், நோட்டாரஸ் என்னும் மற்றொரு வைத்தியரும் பக்கவாட்டில் அறுக்கும் முறையை ஸ்தாபித்தார்கள். நோட்டாரஸ் 1969இல் மெல்லிய கத்தியைத் தோலுக்கு அடியில் செலுத்தியே காரியத்தை முடித்தார். நூற்றில் 90 பேருக்கு மேல் புண் ஆறியது. எஞ்சிய கவலை ஒன்றுண்டு: அறுத்த தசை மறுபடி கூடுவதில்லை, சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்கும் சக்தி குறைந்துபோயிற்று. பிரசவத்தில் ஏற்கெனவே தசை நைந்த ஸ்திரீகளுக்கு இந்த அபாயம் அதிகம்.

கத்தி செய்வதை மருந்து செய்யுமா என்ற கேள்வி அப்போதுதான் மறுபடி எழுந்தது. பின்பக்கத்து நடுக்கோட்டுக்கு இயல்பிலேயே இரத்த ஓட்டம் குறைவு என்று ஜெர்மனியில் 1989இல் காட்டினார்கள். உள்தசை இறுகும்போது அந்தச் சொற்ப இரத்தமும் நின்றுவிடுகிறது. ஆகவே தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தினாலே புண்ணுக்கு உயிர் வரவேண்டும். அதற்குக் கிடைத்தது வெடிமருந்தாகப் பெயர்பெற்ற நைட்ரோகிளிசரின். 1847இல் டூரின் நகரத்தில் அதைக் கண்டுபிடித்த ஸொப்ரேரோ, சிறிது நாவில் வைத்துப் பார்த்துக் கடும் தலைவலி அடைந்தார். 1879இல் லண்டனில் வில்லியம் முரெல் அதை மார்வலிக்குக் கொடுத்தார். 1994இல் புனித மார்க் ஆஸ்பத்திரியின் வைத்தியர்கள், அதே பொருளைக் களிம்பில் 0.2 சதவீதம் கலந்து தடவி, உள்தசையின் அழுத்தம் குறைவதை அளந்து காட்டினார்கள். மூன்று வருஷங்களுக்குப் பின் நாட்டிங்ஹாம் நகரில் நடந்த பரீட்சையில், எட்டு வாரங்களில் இக்களிம்பால் 68 சதவீதம் பேரும், மருந்தில்லாத வெறுங்களிம்பால் 8 சதவீதம் பேரும் குணமடைந்தார்கள். ஸொப்ரேரோவின் தலைவலி மட்டும் விடவில்லை. களிம்பு தடவியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது வந்தது. அதனால்தான் பின்னர் டில்டியாஸம் என்னும் மற்றொரு மருந்தையும் களிம்பாக்கினார்கள். இதையும் புனித மார்க் வைத்தியர்களே சோதித்தார்கள். ஆஸ்பத்திரி அதற்குள் ஸிட்டி ரோட்டை விட்டு, 1995இல், ஹாரோவுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

இத்தனை விலையுயர்ந்த ஆராய்ச்சிகளுக்கு நடுவே, இரண்டு எளிய பரீட்சைகள் அதிகமாகப் பேசப்படாமல் கிடக்கின்றன. யென்ஸன் என்னும் வைத்தியர் 1986இல், முதல் முறையாக வெடிப்புக் கண்டவர்களுக்குத் தவிடும் வெந்நீர் இடுப்புக் குளியலும் கொடுத்துப் பார்த்தார். மூன்று வாரங்களில் 87 சதவீதம் பேருக்குப் புண் ஆறிற்று. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் களிம்பை மட்டும் பூசியவர்களில் 60 சதவீதம்தான். மறுவருஷம் அவர், திரும்பத் திரும்ப வரும் உபாதையையே பரீட்சைக்கு எடுத்துக்கொண்டு, புண் ஆறியவர்களை ஓராண்டு கவனித்தார். தினம் மூன்று வேளையும் ஐந்தைந்து கிராம் கோதுமைத் தவிடு உண்டவர்களில் 16 சதவீதம் பேருக்கே வெடிப்பு மறுபடி வந்தது. வேளைக்கு இரண்டரை கிராமாகக் குறைத்தவர்களில் 60 சதவீதம். தவிடே உண்ணாதவர்களில் 68 சதவீதம். வலி நின்ற மறுநாளே பழைய ஆகாரத்துக்குத் திரும்பிவிடும் நோயாளியிடமும், களிம்புச் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு அனுப்பிவிடும் வைத்தியரிடமும் இந்த மூன்று எண்களையும் சொல்லவேண்டும்; அரை அளவு தவிடு உண்டவர்களுக்கு, ஒன்றும் உண்ணாதவர்களைவிட அதிக லாபம் கிட்டவில்லை என்பதையும் அழுத்திச் சொல்லவேண்டும்.