ஜாலான் அம்பாஸ் வேலைநிறுத்தம்

சிங்கப்பூரில் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்பு நிலையம் இயங்கிற்று. பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன் முதலிய இந்திய இயக்குநர்கள் பணியாற்றிய இடம் அது. பலருக்கு மாதச் சம்பளமேயன்றிக் குடியிருப்பும் நிறுவனமே அளித்தது. ஆதலின் புதிதாகச் சேர்ந்த உதவியாளன், சங்கத்தில் பெயர் கொடுக்குமுன் வேலையோடு வீட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

1954இல் பெர்சாமா என்னும் கலைஞர் சங்கம் தோன்றியது. அதன் முன்னணியில் நின்ற பி. ரம்லீ போன்ற புகழாளரை இழக்க எந்த நிறுவனமும் தயங்கும். உதவியாளனை இழக்கத் தயங்குமா? தொழில் கற்றபின் சேரலாம் என்று அவன் காத்திருந்தால் அதைக் கோழைமை என்று தள்ளிவிட இயலாது. ஆயினும் 1957இல் சங்கத்தினர் ஐவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதும், நூற்றுக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன்பின் காத்திருக்க நாள் இல்லை. பணிக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் ஒரு பக்கம் சேர்வதாகவே ஆயிற்று.

சில வாரங்களில் உடன்பாடு கண்டது. நிலையமோ 1967இல் மூடப்பட்டது.