அரியலூர் அழகேசன் அரியலூர்க்காரரே இல்லை!

எங்க ஊர் பெரம்பலூர். இன்னிக்கு வரைக்கும் எங்க ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் பிடிக்கணும்னா அரியலூர்தான் போகணும். அங்கேதான் பெரியப்பா வீடு. ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். சில வருஷத்துக்கு முன்னாடி அவர் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சண்டைதான் இந்தப் பதிவுக்கு மூலம்.

பேச்சு ரயில் விபத்துகளைப் பத்தி. எல்லாத்துக்கும் மந்திரிதான் பொறுப்புன்னு நான். பெரியப்பா மழைக்காலத் தண்டவாளம், மண் கரை அது இதுன்னு விளக்க ஆரம்பிச்சார். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு ஒத்துக்கவும் மனசு வரலை. "நீங்க ரயில்வே சம்பளம் வாங்கினவரு, அப்படித்தான் பேசுவீங்க" என்று சொல்லிவிட்டேன். கூடவே அந்தப் பழைய அரியலூர் அழகேசன் கோஷத்தையும் எடுத்து விட்டேன். பெரியப்பா எழுந்து உள்ளே போயிட்டார். போறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "அழகேசன் பேரு தெரியுது. வண்டி எந்த ஆத்துல விழுந்துச்சுன்னு தெரியுமாடா?"

தெரியலை. அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி கல்லகம் ஸ்டேஷனுக்கு முன்னால் மருதையாற்றுப் பாலத்துக்கு வருகிறது. அப்போ இது மீட்டர்கேஜ் பாதை, திருச்சி மாவட்டம். பெருமழை. ஆற்றில் வெள்ளம் பாலத்தருகே மண்ணை அரித்து வைத்திருந்தது. எஞ்சினும் அதை ஒட்டிய பெட்டிகளும் தண்ணீருக்குள் போயின. செத்தவர்கள் 150 பேர் அளவில்.

அதே வருஷம் செப்டம்பரில் மெகபூப்நகரில் இதே மாதிரி ஒரு விபத்து, 100 பேருக்கு மேல் பலி. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அப்பவே ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரிதான் காரணம் என்பதற்காக இல்லை, ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காக.

சாஸ்திரிக்குத் துணை மந்திரியாக இருந்தவர் ஓ.வி.அழகேசன். நம்ம தமிழ்நாட்டுக்காரர். 1957-ல் பொதுத்தேர்தல். தி.மு.க. முதன்முதலாகப் போட்டியிட்ட தேர்தல். மேடையெல்லாம் அழகேசன் பேர்தான். "ஆண்டது", "மாண்டது" என்று எதுகை போட்டு, போதாதா போதாதா என்று கேட்கிற அந்தக் கோஷம் ஊர் ஊராகப் பரவியது. அந்தத் தேர்தலில் அழகேசன் செங்கல்பட்டில் தோற்றார். தோல்விக்கு கோஷம் மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பாருங்க, அவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். அரியலூருக்கும் அவருக்கும் அந்த விபத்தைத் தவிர சம்பந்தம் இல்லை. கோஷம் ஊர்ப்பேரை அவர் தலையில் ஒட்டிவிட்டது. நானே ரொம்ப நாள் அவரை அரியலூர்க்காரர்னு நினைச்சிட்டிருந்தேன் :-)

மந்திரியைக் கேள்வி கேட்டது தப்பா? இல்லவே இல்லை. 150 உசிரு. கேட்கத்தான் வேணும். எதிர்க்கட்சியோட வேலையே அதுதான். சாஸ்திரியே பொறுப்பைத் தன் மேல எடுத்துக்கிட்டவர். ஆனா கேள்வி எப்போ ஆள் மேல வசவாக மாறுதுன்னுதான் யோசிக்கிறேன்.

எனக்குத் தோணின காரணங்கள் மூணு. ஒண்ணு, விஷயம் கஷ்டம், பேர் சுலபம். வெள்ளம் பாலத்தடியை எப்படி அரிக்கும், ராத்திரி ரோந்து போறவன் எத்தனை மைல் நடக்கணும் என்பதெல்லாம் உட்கார்ந்து கத்துக்கணும். ஒரு பேரைத் திட்ட எதுவும் கத்துக்க வேண்டாம். ரெண்டு, மேடையில் பேசுறவர் எதிராளியிடம் பேசுவதில்லை, கேட்கிற கூட்டத்திடம் பேசுகிறார். நாலு பேர் வேடிக்கை பார்த்தா திண்ணையும் மேடைதான். மூணு, நாம தோத்துட்டிருக்கோம்னு உள்ளுக்குள்ள தெரியிற நொடி. அன்னைக்கு எனக்கு நடந்தது அதுதான்.

இது இன்னிக்கு நேத்து வியாதி இல்லை. நியாய சாஸ்திரக்காரர்கள் வாதத்தை அந்தக் காலத்திலேயே மூணாகப் பிரிச்சாங்க: உண்மையைத் தேடுறது வாதம், ஜெயிக்கப் பேசுறது ஜல்பம், தன் பக்கம் எதையும் நிறுவாம அடுத்தவனை மட்டும் அடிக்கிறது விதண்டை. நாம தினமும் சொல்ற "விதண்டாவாதம்" அங்கிருந்து வந்ததுதான். அருட்பா-மருட்பா சண்டையை எடுத்துக்குங்க. 1867-ல் வந்த வள்ளலார் பாடல்களை "அருட்பா" என்று சொல்லலாமா என்பதுதான் முதல் கேள்வி. நல்ல கேள்வி. 1869-ல் அது ஆறுமுக நாவலரும் வள்ளலாரும் எதிரெதிரே நிற்க, மஞ்சக்குப்பம் கோர்ட்டில் அவதூறு வழக்காக வந்து நின்றது. வள்ளலார் 1874-ல் போனார், நாவலர் 1879-ல் போனார். சண்டை மட்டும் சீடர்கள் வழியாக அடுத்த நூற்றாண்டுக்கும் போச்சு.

அழகேசன் கதைக்கு இன்னொரு பகுதி இருக்கு. 1962-ல் அதே செங்கல்பட்டில் ஜெயித்து மத்திய மந்திரி ஆனார். 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடு பற்றி எரிந்தபோது, சி.சுப்பிரமணியமும் இவரும் மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். அப்போ பிரதமர் யார்? அதே சாஸ்திரி. ஆங்கிலம் தொடரும்னு அவர் வானொலியில் உறுதி கொடுத்த பிறகு வாபஸ் வாங்கினார்கள். இதை எங்க பக்கத்தில் எத்தனை பேர் சொல்வாங்க? கோஷத்தைக் கேட்டா பெருசுங்க பலரும் முழுசா ஒப்பிப்பாங்க.

போன ஐப்பசியில பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "மருதையாறு" என்றேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உக்காரு" என்றார். அடைமழை ராத்திரியில் லாந்தரோட தண்டவாளத்துல நடக்கிறதைப் பத்தி ரெண்டு மணி நேரம் சொன்னார். ஜல்லி நழுவினா கால்ல முதல்ல எப்படித் தெரியும்னு சொன்னார். நான் குறுக்கே பேசலை.

கொசுறு: அரியலூர் இரண்டாவது தடவை தனி மாவட்டமானது 2007 நவம்பர் 23-ல். விபத்து நடந்த அதே தேதி. உங்க பக்கத்திலும் இப்படிக் கோஷம் மட்டும் நின்று விஷயம் மறந்துபோன கதை இருந்தா சொல்லுங்களேன்.