ஸ்டெஃபானஸ் எண்கள்

பிளேட்டோ நூல்களின் நவீன மொழிபெயர்ப்புகளில் பக்க ஓரத்தில் அச்சிடப்படும் எண்களும் எழுத்துகளும் ஸ்டெஃபானஸ் எண்கள் எனப்படும். ஸ்டெஃபானஸ் என்பது பிரெஞ்சு அச்சகரும் அறிஞருமான ஆன்றி எஸ்தியேனின் லத்தீன் பெயர். அவர் 1578இல் ஜெனீவாவில் பிளேட்டோவின் நூல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். கிரேக்க மூலமும் லத்தீன் மொழிபெயர்ப்பும் அருகருகே அமைந்த அப்பதிப்பின் பக்கங்கள், ஏ முதல் ஈ வரையிலான ஐந்து ரோமன் எழுத்துகளால் பகுக்கப்பட்டிருந்தன. அந்தப் பக்க எண்ணே இன்றும் மேற்கோளுக்கு முகவரி. ‘குடியரசு’ நூலின் குகை உவமை 514ஏ-யில் தொடங்குகிறது; எம்மொழிப் பதிப்பில் தேடினாலும் அங்கேதான் கிடைக்கும். இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டுப் படிப்பவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. தொகுதிதோறும் பக்க எண் புதிதாகத் தொடங்குவதால் நூற்பெயரையும் சேர்த்தே குறிக்க வேண்டும். சொல்வரிசை மொழிக்கு மொழி மாறுவதால், பகுதிகளின் எல்லை ஓரிரு வரி முன்பின் நகர்வதுண்டு.

அரிஸ்டாட்டிலுக்கு, பெர்லினில் 1831 முதல் வெளிவந்த இம்மானுவேல் பெக்கரின் பதிப்பு இவ்வாறே பயன்படுகிறது. சாக்ரடீசுக்கு முந்தையோரின் எஞ்சிய துணுக்குகளுக்கு டீல்ஸ்–கிரான்ஸ் தொகுப்பின் எண்கள் உள்ளன. இவ்வெண்களை விட்டுவிடும் மலிவுப் பதிப்புகள் வாசிப்புக்குப் போதும், ஆய்வுக்குப் போதா.