சிஸ்டரும் ஆயாமாசியும்: கல்கத்தா வார்டுகளில் நோயாளியோடு பேசியவர் யார்?

செவிலியர் கல்லூரிகளில் 'தெரபூட்டிக் கம்யூனிகேஷன்' என்றொரு பாடம் இருக்கிறது. நோயாளியிடம் பேசுவதும், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் மருந்து, கட்டு, ஊசி போலச் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்பது அதன் அடிப்படை. அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இல் எழுதிய நூலிலிருந்தும், மனநல மருத்துவர் யூர்கன் ரூஷ் 1961இல் இதே பெயரில் எழுதிய நூலிலிருந்தும் இதன் வரலாற்றைத் தொடங்குவது பாடப்புத்தக வழக்கம். கல்கத்தாவின் மருத்துவமனை வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால் வேறொரு வரிசை கிடைக்கிறது. அங்கே வார்டுக்குள் பேச்சு இல்லாமல் இருந்ததே இல்லை. ஆனால் அது பயிற்சி பெற்ற செவிலியரின் வேலையாக வெகுகாலம் கருதப்படவில்லை. சான்றிதழும் சீருடையும் உள்ளவர் ஏட்டைப் பார்த்துக்கொள்ள, அவை இல்லாதவர் நோயாளியோடு பேசிக்கொண்டிருந்தார். இந்த வேலைப் பிரிவினை எப்படி உருவானது, ஏன் இன்னும் கலையவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கப்பட்டது. அதன் பெரிய மருத்துவமனை 1852இல் திறக்கப்பட்டது. ஊரார் இன்றும் பி.ஜி. என்று சொல்லும் பிரசிடென்சி ஜெனரல் மருத்துவமனை அப்போது ஐரோப்பியருக்கானது. 1865இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், இந்திய மருத்துவமனைகளில் செவிலியர் பணியை எப்படி அமைக்கலாம் என்று ஒரு யோசனைத் திட்டம் எழுதினார். வைஸ்ராய் ஜான் லாரன்ஸின் ஆட்சிக்காலம் அது, தலைநகரம் கல்கத்தா. அதிகாரிகள் திட்டத்தை ஊதிப் பெருக்கி, பிறகு செலவு கட்டுப்படியாகாது என்று சொல்லிக் கிடப்பில் போட்டார்கள். 1881இல் இங்கிலாந்தின் கிளூவர் ஊரிலிருந்து ஆங்கிலிக்கன் துறவுச் சகோதரியர் வந்து கல்கத்தா மருத்துவமனைகளில் செவிலியர் பணியை ஏற்றார்கள். பயிற்சியும் ஒழுங்கும் அவர்களோடு நிலைபெற்றன. பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். ஆங்கிலமே வார்டின் அதிகார மொழி. வங்காளி நோயாளியின் முனகலை மேலே கொண்டுபோகவும், மேலிருந்து வந்த கட்டளையைக் கீழே இறக்கவும் ஆயாவும் வார்டு பையனும் இருந்தார்கள்.

நைட்டிங்கேலின் பெயரால் வந்த பயிற்சியில் அவரே முக்கியமென்று எழுதிய ஒரு பகுதி கழன்று விழுந்துவிட்டதை இங்கே கவனிக்க வேண்டும். 1860ஆம் ஆண்டு தேதியிட்ட அவருடைய செவிலியர் குறிப்புகள் நூலில், நோயாளியிடம் வெறும் நம்பிக்கை வார்த்தைகளைக் கொட்டுவதைக் கண்டித்தே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லிச் செல்பவர் நோயாளியின் வாயை அடைக்கிறார் என்பது அவர் கருத்து. நின்றபடியே பேசாமல் உட்கார்ந்து பேச வேண்டும், நோயாளி கழுத்தைத் திருப்பாமலே பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார வேண்டும் என்றுகூடச் சொல்கிறார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து அமெரிக்கப் பாடநூல்கள் விதிகளாக வகுத்தவற்றில் பல இதில் அடக்கம். காலனியக் கல்கத்தாவுக்கு அந்த நாற்காலி வந்து சேரவில்லை. தொப்பி, மணி, ஏடு, மேட்ரனின் சுற்று ஆகியவை வந்தன. நோயாளியின் மொழி தெரியாதவருக்கு உட்கார்ந்து பேசும் விதியால் என்ன பயன் என்று கேட்டால், அந்தக் கேள்வியும் நியாயந்தான்.

பெண் நோயாளிகள் விஷயத்தில் மொழி, சாதி, பர்தா மூன்றும் ஒன்றாகக் குறுக்கே நின்றன. 1885இல் தொடங்கிய டஃப்ரின் சீமாட்டி நிதி, பெண் மருத்துவர்களைக் கொண்டு அதைக் கடக்கப் பார்த்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்த காதம்பினி கங்கூலி 1888இல் டஃப்ரின் மருத்துவமனையில் மாதம் 300 ரூபாய்ச் சம்பளத்தில் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் நைட்டிங்கேல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரைப் பற்றி வியந்து விசாரித்திருக்கிறார். வங்காளிப் பெண் நோயாளி தன் பாஷையில் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல, படித்த ஒரு பெண் கேட்டுக்கொண்டது இப்படித்தான் தொடங்கியது. ஆனால் கேட்டவர் மருத்துவர். செவிலியர் பக்கம் அந்த மாற்றம் வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

இடையில் 1899ஆம் ஆண்டு பிளேக். முந்தைய ஆண்டே நோய் நகரத்தில் தலைகாட்டியிருந்தது. கட்டாயமாக ஊசி போடுவார்கள், வீட்டிலிருந்து பிரித்துத் தூக்கிப்போவார்கள் என்ற வதந்தியில் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ராமகிருஷ்ண மிஷன் நிவாரணக் குழுவுக்குச் செயலாளராக இருந்தவர் சகோதரி நிவேதிதா. பாக்பஜார் சேரியில் அவர் செய்ததைப் பின்னாளில் பதிவு செய்தவர் டாக்டர் ராதாகோவிந்த கர். இன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரிக்குப் பெயராக இருப்பவர் அவரே. காலையில் ஒரு பிளேக் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தவர், எச்சரிக்கையாக இருக்கும்படி நிவேதிதாவிடம் சொன்னார். பிற்பகல் அதே குடிசைக்குத் திரும்பியபோது, ஈரம் கசியும் தரையில் தாயில்லாத அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிவேதிதா உட்கார்ந்திருந்தார். குடிசைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியபோது ஏணி வைத்து அவரே அடித்தார். பிள்ளை அவரைத் தாயென்றே நினைத்து அழைத்து, அவர் கைகளிலேயே இறந்தது.

இதைத் தியாகக் கதையாக மட்டும் படிப்பது வழக்கமாகிவிட்டது. ஆய்வாளருக்கு இதில் வேறொரு செய்தி இருக்கிறது. நிவேதிதா பயிற்சி பெற்ற செவிலியர் அல்லர், பள்ளி ஆசிரியை. அந்தப் பிள்ளைக்குத் தர அப்போது மருந்தும் கிடையாது. மடியும், பதில் குரலும், சுண்ணாம்பு அடித்த சுவரும்தான் அங்கே கிடைத்த சிகிச்சை. ஒரு மருத்துவர் அதைச் சிகிச்சையென்று மதித்து எழுதிவைத்தார் என்பதே முக்கியம். ஆயினும் அது புனிதச் செயலாக நினைவில் தங்கியதே தவிர, பயிற்சியில் சேர்க்க வேண்டிய திறனாக யாருக்கும் தோன்றவில்லை.

1926இல் சித்தரஞ்சன் தாஸின் வீட்டில் தொடங்கிய சித்தரஞ்சன் சேவா சதனும், 1932இல் ராமகிருஷ்ண மிஷன் தொடங்கிய சிசுமங்கல் பிரதிஷ்டானும் வங்காளிப் பெண்களைச் செவிலியர் பயிற்சிக்கு இழுத்தன. 1934இல் வங்காளச் செவிலியர் சட்டம் வந்தது. 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை வெளியானபோது நாடு முழுவதற்கும் இருந்த பயிற்சி பெற்ற செவிலியர் சுமார் 7000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களின் பெண்கள் வேலை தேடி வந்த தொழில்களில் இதுவும் ஒன்று. வார்டில் வங்காளி பேசும் 'திதி' (அக்கா) இவ்வாறு வந்தார். அவர் வந்த வேளையில் நோயாளிக் கூட்டமும் பெருகிவிட்டது. பேசத் தெரிந்தவருக்குப் பேச நேரமில்லை.

மனநலத் துறையில் கல்கத்தாவுக்கு இருந்த வாய்ப்பு வேறெந்த இந்திய நகரத்துக்கும் இல்லாதது. ஃபிராய்டோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை இங்கேதான் நிறுவினார். 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை வந்தது. பேச்சே சிகிச்சை என்ற கருத்து மேற்கு நாடுகளுக்கு வெளியே இவ்வளவு சீக்கிரம் வேர்விட்ட ஊர்கள் குறைவு. ஆனால் அந்தப் பேச்சு மருத்துவரின் சொத்து. இருபத்துநான்கு மணி நேரமும் நோயாளியோடு இருக்கும் செவிலியர் அதில் எங்கே நிற்கிறார்?

அந்தக் கேள்வியை நகரத்தில் முதலில் உரக்கக் கேட்டது எந்த ஆய்விதழும் அல்ல, ஒரு சினிமா. ஆசுதோஷ் முகோபாத்யாயின் 'நர்ஸ் மித்ரா' கதையை வைத்து அசித் சென் 1959இல் எடுத்த 'தீப் ஜுவேலே ஜாய்'. சுசித்ரா சென் நடித்த ராதா, மனநல மருத்துவமனைச் செவிலியர். காதலில் முறிந்த நோயாளியைக் குணப்படுத்த, அவனிடம் அன்பு காட்டுவதுபோல் நடிக்கும்படி தலைமை மருத்துவர் அவளைப் பணிக்கிறார். பரிசோதனை வெற்றி பெறுகிறது. நோயாளி குணமாகி வீடு திரும்புகிறான். அவளால் அதை நடிப்பாக வைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டாவது நோயாளியையும் அவளிடமே ஒப்படைக்கிறார்கள். அவனும் குணமாகிறான். கடைசியில் ராதா அதே மருத்துவமனையின் நோயாளியாகிறாள். தெலுங்கில் சாவித்திரியும், பத்தாண்டு கழித்து இந்தியில் 'காமோஷி'யாக வஹீதா ரெஹ்மானும் நடித்த கதை என்பதால் தமிழ் ரசிகர்களில் பலருக்கும் பழக்கமானது.

படத்தின் உளவியல் மிகையானது என்பதில் ஐயமில்லை. எந்த மனநல மருத்துவமனையும் இன்று அதை ஒப்புக்கொள்ளாது. என் கணிப்பில் அது தொட்ட இடம் சரியான இடம். செவிலியரின் குரல், அருகாமை, பரிவு ஆகியவற்றை மருந்துபோல் மருத்துவர் எழுதிக்கொடுக்கிறார். கொடுத்த பிறகு அந்தச் செவிலியருக்கு என்ன ஆகிறது என்று கேட்க அமைப்பில் ஆளில்லை. பெப்லாவின் நூல், நோயாளியோடான உறவு எங்கே தொடங்கி எந்தக் கட்டங்களைக் கடந்து எங்கே முடிய வேண்டும் என்று வரையறுத்தது இதைத் தவிர்க்கத்தான். முடிப்பதும் ஒரு திறன். அதையும் கற்க வேண்டும். படம் வந்த அடுத்த ஆண்டே, 1960இல், லண்டன் போதனா மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். நோயாளியின் துயரம் தன்னைத் தாக்காமலிருக்கவே, ஒருவர் எல்லாருக்கும் வெப்பம் பார்ப்பார், இன்னொருவர் எல்லாருக்கும் மாத்திரை கொடுப்பார் என்று செவிலியர் அமைப்பு வேலையைத் துண்டுபோடுகிறது என்றார் அவர். நோயாளி பெயர் இழந்து படுக்கை எண்ணாவதன் காரணம் கல்நெஞ்சம் அல்ல, தற்காப்பு என்பது அவர் முடிவு.

பெப்லாவின் நூல் வந்த அதே 1952ஆம் ஆண்டு ஆகஸ்டில் காளிகாட்டில் அன்னை தெரசா நிர்மல் ஹிருதயைத் திறந்தார். தெருவில் சாகக் கிடந்தவரிடம் அவர் மொழியில் பெயர் கேட்டுப் பேசுவதையே முதல் வேலையாக வைத்துக்கொண்ட இடம். 1994இல் அங்கே போய்ப் பார்த்த 'லான்செட்' ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், நோயறிதலும் வலி நீக்கமும் போதவில்லை என்று எழுதினார். பரிவு ஒரு கட்டடத்திலும் மருத்துவத் திறன் இன்னொரு கட்டடத்திலுமாகப் பிரிந்து கிடந்த நகரம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனி ஆயாமாசி. கொல்கத்தா அரசு மருத்துவமனைகளில் நோயாளியின் குடும்பம் கைக்காசு கொடுத்து அமர்த்தும் பெண்ணுக்கு அந்தப் பெயர். சட்டப்படி அவர் ஊழியரே அல்லர். நடைமுறையில், படுக்கை போதாமல் தரையிலும் டிராலியிலும் நோயாளிகள் கிடக்கும் வார்டில் இரவெல்லாம் விழித்திருப்பவர் அவர்தான். வயதான நோயாளியை 'மா' என்றும் 'பாபா' என்றும் கூப்பிட்டு, வாய்க்கொப்பளிக்கத் தண்ணீர் தந்து, மகன் எப்போது வருவான் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் அவர்தான். காசு கேட்டு நச்சரிப்பவர், தாமதமானால் எரிந்து விழுபவர் என்ற புகார்களும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. செவிலியரின் பேச்சு பெரும்பாலும் நோயாளியைத் தாண்டி 'பேஷண்ட் பார்ட்டி'யிடம் போகிறது. உறவினர் கூட்டத்துக்குக் கொல்கத்தா மருத்துவமனைகள் வைத்திருக்கும் பெயர் அது. மருந்துச் சீட்டு, ரத்தம், கையெழுத்து எல்லாம் அவர்களிடம் கேட்கப்படுபவை. படுத்திருப்பவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. பாஞ்சாலி ராய் 2019இல் வெளியிட்ட ஆய்வு நூல், கொல்கத்தாவில் பதிவு பெற்ற செவிலியர், உதவியாளர், ஆயா ஆகியோருக்கிடையிலான படிநிலையை விரிவாகக் காட்டுகிறது. உடம்பைத் தொடும் 'அழுக்கு' வேலையைக் கீழே தள்ளித்தான் செவிலியர் தம் கௌரவத்தை மேலே உயர்த்திக்கொள்ள முடிந்தது என்பது அந்நூலிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். பேச்சும் அந்த அழுக்கு வேலையோடு சேர்ந்தே கீழே போயிற்று என்று அதனோடு சேர்த்துச் சொல்வேன்.

தனியார் மருத்துவமனைகள் பெருகியபின் பழைய மொழிச் சிக்கல் புது உருவில் திரும்பியது. கேரளம், மணிப்பூர், திரிபுரா, ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து இளம் செவிலியர்கள் வந்தார்கள். மொழி தெரியாதவர்கள் என்பதால் அர்ப்பணிப்பில் குறைந்தவர்கள் அல்லர். 2011 டிசம்பர் 9இல் தாகுரியா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனை தீ விபத்தில் சுமார் 90 பேர் இறந்தபோது, நோயாளிகளை வெளியேற்றிக்கொண்டிருந்த இரண்டு மலையாளிச் செவிலியர்களும் அதில் உயிரிழந்தார்கள். 2020 மே மாதம், கொரோனா அச்சமும் சம்பளக் குறையும் அக்கம்பக்கத்தார் ஒதுக்கலும் சேர்ந்து, முதலில் மணிப்பூரைச் சேர்ந்த 185 செவிலியர்கள் ஊர் திரும்பினார்கள். சில நாட்களில் வெளியேறியவர் தொகை முந்நூறைத் தாண்டியது. நகரத்தின் தனியார் படுக்கைகள் யாரை நம்பி இருந்தன என்பது அந்த வாரம் வெளிப்பட்டது. அவர்களுக்கு மருத்துவமனை வங்காளி கற்றுத் தருவது யார் பொறுப்பு என்ற பேச்சு அப்போதும் எழவில்லை.

பாடத்திட்டத்தில் குறையில்லை. இந்தியச் செவிலியர் மன்றத்தின் பி.எஸ்சி. பாடத்திட்டத்தில், மனநலச் செவிலியம் தாளில் தெரபூட்டிக் கம்யூனிகேஷன் ஒரு தனி அலகு. 2021இல் திருத்தி, செமஸ்டர் முறைக்கு மாற்றியபோதும் அது தொடர்கிறது. மாணவி 'பிராசஸ் ரெக்கார்டிங்' எழுத வேண்டும். நோயாளி சொன்னது ஒரு பத்தியில், தான் சொன்னது அடுத்ததில், முகக்குறிப்பும் மௌனமும் இன்னொன்றில், பயன்படுத்திய உத்தி கடைசியில். நல்ல பயிற்சி, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே எழுதிப் பார்க்கும்போதுதான் எங்கே நோயாளியை இடைமறித்தோம் என்று தெரியும். ஆனால் நோயாளி வங்காளியில் அழுதது ஆங்கிலத்தில் பதிவாகிறது. மனநலப் பணிக்காலம் முடிந்ததும் அந்த ஏடும் முடிகிறது. மூட்டு அறுவை வார்டிலும் டயாலிசிஸ் பிரிவிலும் பயப்படும் நோயாளிக்கு அது பொருந்தாது என்பதுபோல் அதை மனநலத் தாளுக்குள் அடைத்ததே முதல் பிழை.

போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்று மன்றத்தின் அளவுகோல் இருக்கிறது. அதை எட்டாத வார்டில் உரையாடல் உத்திகளைப் பற்றிப் பயிற்சி முகாம் நடத்துவது வீண். வெளிமாநிலச் செவிலியருக்கு மருத்துவமனையின் செலவில் பேச்சு வங்காளி, கைமாற்றுக் குறிப்பில் நோயாளி தானாகச் சொன்னதற்கு ஒரு வரி, ஆயாமாசிக்கு முறையான பயிற்சியும் ஊதியமும் ஊழியர் தகுதியும் ஆகிய மூன்றும் ஆள் எண்ணிக்கைக்கு அடுத்து வர வேண்டியவை. செவிலியர் வரலாற்றை எழுதப்போகும் ஆய்வாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஆயாக்களின் வாய்மொழியைப் பதிவு செய்யுங்கள். நூற்றைம்பது ஆண்டுகளாகக் கல்கத்தா வார்டுகளில் நோயாளிகள் பேசியதைக் கேட்டவர்கள் அவர்கள்; அவர்கள் கேட்டது எந்த மருத்துவமனை ஏட்டிலும் இல்லை.